டிரிப் ஆன ஆர்.சி.சி.பி.யும் கொடிக்கம்பியில் அடித்த ஷாக்கும்: குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இணைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

வீடும் அதன் ஒயரிங்கும்

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். 1990-களின் கடைசியில் கட்டிய, மாடி இல்லாத வீடு. வயதான தம்பதியும் அவர்களுடைய மகளும் வசிக்கிறார்கள். மின்சாரம் ஒருமுனை இணைப்பு. எர்த்துக்கு வீட்டின் பக்கவாட்டில் ஒரு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் குழி.

ஒயரிங் ஒரே சமயத்தில் செய்ததல்ல. முதலில் எல்லாம் ஃபியூஸ் கட்டையில் ஓடியது. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் வந்தது. லைட், ஃபேன் லைன்கள் அதற்கு மாறின. 2019-ல் ஃபியூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு எம்.சி.பி. (அளவுக்கு மீறி கரண்ட் ஓடினால் துண்டிக்கும் சுவிட்ச்) பெட்டி வைத்தபோது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் கருவி) ஒன்றும் சேர்த்தார்கள். அது கீசர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், அடுப்படி பிளக்குகள் ஆகியவற்றுக்கு மட்டும். இன்வெர்ட்டர் வழியாகப் போகும் லைட் லைன்கள் அதற்கு வெளியே நின்றன. ஆக, பெட்டிக்குள் இரண்டு நியூட்ரல் பார்கள் (கரண்ட் திரும்பி வரும் ஒயர்களைச் சேர்க்கும் கட்டைகள்): ஒன்று ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் பவர் லைனுக்கு. மற்றது அதற்கு முன்னாலிருந்து லைட் லைனுக்கு. பின்னால் வந்த சிக்கல் முழுவதும் இந்தப் பிரிவைக் கவனிக்காததிலிருந்து தொடங்கியது.

குளியலறை ஏறத்தாழ ஐந்தடிக்கு ஏழடி. பின்சுவரில் ஏழடி உயரத்தில் இரும்புக் கம்பி போட்ட ஒரு வெண்டிலேட்டர். சுவரின் மறுபக்கம் பின்கட்டு. துணி உலர்த்தும் கொடி அங்கேதான். ஜி.ஐ. கம்பியாலான அந்தக் கொடியின் ஒரு முனை முருங்கை மரத்திலும் மறுமுனை அதே வெண்டிலேட்டர் கம்பியிலும் கட்டப்பட்டிருந்தது. ஃபேன் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அப்படித்தான்.

ஃபேன் மாட்டிய விதம்

கீசர் ஆவியால் கூரையில் பூஞ்சை படர்ந்து, டிஸ்டெம்பர் உரிந்து விழத் தொடங்கியது. ஆடி மாதத்தில் உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, ஒன்பது அங்குல இரும்புச் சட்ட எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை வெண்டிலேட்டரில் பொருத்தினார்கள். தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஃபேனின் இரும்பு வளையத்தைக் கம்பிகளோடு நட்டு போல்ட்டால் முடுக்கியிருந்தார்கள்.

இணைப்பு இப்படி: குளியலறைக்கு வெளியே இருந்த கீசர் போர்டில் ஃபேனுக்கு ஒரு சுவிட்ச் சேர்த்து, ஃபேஸ் அங்கிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் போர்டிலேயே பவர் லைனின் நியூட்ரலும் எர்த்தும் இருந்தன. ஆனால் கீசரின் கனமான ஒயர்கள் பைப்பை அடைத்துக்கொண்டிருந்ததால் கூடுதலாக ஒரே ஒரு ஒயர்தான் உள்ளே போனது. நியூட்ரலை, வெண்டிலேட்டருக்கு மேலே இருந்த லைட் ஹோல்டரிலிருந்து இழுத்துக்கொண்டார்கள். எர்த் கொடுக்கவில்லை. ஃபேனோடு வந்த ஒயரில் பச்சை ஒயரை வெட்டிச் சுருட்டிவிட்டு, மற்ற இரண்டையும் முறுக்கி, டேப் சுற்றி, ஃபேன் வளையத்துக்கும் கம்பிக்கும் இடையே செருகியிருந்தார்கள்.

சுவிட்ச் போட்ட உடனே ஆர்.சி.சி.பி. டிரிப் ஆனது. மறுபடி தூக்கிவிட்டுப் போட்டபோதும் அதே. கணக்குப் பார்த்தால் அது டிரிப் ஆகாமல் இருந்தால்தான் வியப்பு. ஃபேன் சுமார் 45 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 200 மில்லி ஆம்பியர் எடுக்கும். அந்த 200 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் ஃபேஸ் வழியாகப் போனது. திரும்பும்போது லைட் நியூட்ரல் வழியாக, ஆர்.சி.சி.பி.யைத் தொடாமலே வந்தது. போனதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது ஒன்றே அந்தக் கருவியின் வேலை. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் துண்டிக்க வேண்டிய கருவிக்கு 200 தெரிந்தது, துண்டித்தது.

எலக்ட்ரீஷியன் இதை வேறு விதமாகப் படித்தார். “ஆர்.சி.சி.பி. வீக் ஆகிவிட்டது, ஐயா. இப்போதைக்கு நேராகக் கொடுத்துவிடுகிறேன், புதிது வாங்கி வையுங்கள், மாற்றித் தருகிறேன்” என்றார். ஆர்.சி.சி.பி.யின் வெளியே போகும் இரண்டு ஒயர்களையும் கழற்றி, உள்ளே வரும் ஒயர்களோடு சேர்த்து அதே முனைகளில் முடுக்கிவிட்டார். ஃபேன் ஓடியது. கருவி பெட்டியிலேயே, லிவர் மேலே தூக்கிய நிலையில் இருந்தது. புதியது வாங்கும் பேச்சு அதோடு மறந்துபோனது.

ஐப்பசி மழையில் தெரிந்தது

வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டொரு வாரத்தில், அந்த வீட்டு அம்மாள் ஈரச் சேலையைக் கொடியில் போடும்போது இரண்டு கைகளிலும் முழங்கை வரை சுரீரென்று இழுத்தது. வெறுங்கால், தரையும் ஈரம். சேலையை உதறிவிட்டுப் பின்வாங்கிவிட்டார். மறுநாள் தொட்டுப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. அடுத்த முறை மகளுக்கு அடித்தது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் எங்கோ உரசுகிறது என்று பெரியவர் நினைத்தார். பார்க்க வந்த மின்வாரிய ஊழியர், சர்வீஸ் ஒயர் கொடிக்கு அருகிலேயே இல்லை என்றும், வீட்டு ஒயரிங்கைச் சோதிக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு என்னை அழைத்தார்கள். நான் முதலில் கேட்டது எப்போதெல்லாம் அடிக்கிறது என்பதுதான். மழை பெய்தால், என்றார் பெரியவர். மகள்தான் யோசித்துவிட்டு, “இல்லை அப்பா, யாராவது குளிக்கும்போதுதான்” என்றார். பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. குளிக்கும்போது மட்டும் ஓடுபவை இரண்டு: கீசரும் ஃபேனும். கொடிக்கம்பி தொட்டுக்கொண்டிருப்பது ஃபேனை.

சோதனையில் கண்டவை

முதல் வேலை கொடியை அவிழ்ப்பது. ஃபேன் சுவிட்சை நிறுத்தி, மெயினையும் அணைத்துவிட்டு, கொடிக்கம்பியை வெண்டிலேட்டரிலிருந்து வெட்டி எடுத்தோம். காரணம் எதுவாக இருந்தாலும், மனிதர் தொடும் கம்பி அந்த இரும்போடு இருக்கக் கூடாது. இந்த மாதிரி வீடுகளில் மெயினை அணைத்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டர் தன் பாட்டுக்கு லைட் லைனில் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதையும் நிறுத்தி, லைன் செத்திருக்கிறதா என்று அளந்த பிறகுதான் கை வைக்கலாம்.

கொடியை அகற்றிய பிறகு, சற்று நேரம் மின்சாரம் கொடுத்து, ஃபேன் ஓடும்போது வெண்டிலேட்டர் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தபோது 170 வோல்ட் அளவில் காட்டியது. மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. எர்த் இல்லாத எந்த இரும்பு மோட்டாரின் மேலும் நூறு வோல்ட் வரை காட்டக்கூடும். தொட்டால் லேசான கூச்சத்தோடு போய்விடும். டெஸ்டர் எரிவதும் அப்படித்தான். எவ்வளவு கரண்ட் கசியும் என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் மறுபடி அணைத்து, ஃபேனின் ஃபேஸ் ஒயரைத் தனியே பிரித்து, 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) ஒயருக்கும் ஃபேன் சட்டத்துக்கும் இடையே பார்த்தோம். 0.02 மெகா ஓம். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டிய இடம். 0.02 மெகா ஓம் என்றால் 20,000 ஓம். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 11 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். கை பிடித்ததை விட முடியாமல் தசை இறுகத் தொடங்குவது 10 மில்லி ஆம்பியரை ஒட்டித்தான். அம்மாள் கம்பியைப் பிடிக்காமல், சேலையை மேலே வீசிப் போட்டது அதிர்ஷ்டம்.

கசிவு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. வளையத்துக்கும் கம்பிக்கும் இடையிலிருந்து அந்த ஜாயின்ட்டை உருவியபோது டேப் பசை இளகி, தோல் போலக் கழன்று கையோடு வந்தது. உள்ளே செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கீசர் ஆவியும் வெளிப்பக்கத்துச் சாரலும் இரண்டு பக்கமிருந்தும் அதை நனைத்திருக்கின்றன. ஜாயின்ட்டை வெட்டி எறிந்துவிட்டு ஃபேனை மட்டும் சோதித்தபோது மெகர் முள் 50 மெகா ஓமைத் தாண்டியது. ஃபேனில் குறை இல்லை.

அடுத்து எம்.சி.பி. பெட்டி. பெரியவர் மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பவர். 2019-ல் யாரோ சொல்லிக்கொடுத்ததை விடாமல் செய்திருக்கிறார். எங்கள் முன்னாலும் அழுத்திக் காட்டினார். டக்கென்று லிவர் கீழே விழுந்தது. “பாருங்கள், வேலை செய்கிறது” என்றார். அடுப்படியில் ஃபிரிட்ஜ் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கருவி சரியாகத்தான் இருந்தது. அதன் வழியாக மின்சாரம்தான் போகவில்லை.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபேன் நியூட்ரல் எந்தப் பாருக்குப் போகிறது என்று பார்த்தபோது லைட் பாருக்குப் போனது. இப்படி நியூட்ரல் கலந்த வீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. லைட் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு ஒருவர் பல்பு ஹோல்டரை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஃபேன் சுவிட்ச் போட்டிருந்தால், அவர் கழற்றிய நியூட்ரல் ஒயரில் ஃபேன் சுருள் வழியாக முழு வோல்ட்டும் வந்து நிற்கும். எம்.சி.பி.யை அணைத்தேனே என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார்.

எர்த் குழியின் மின்தடை 9 ஓம். மழைக்காலத்தில் எடுத்த அளவு அது. 9 ஓமில், ஃபேஸ் நேராக எர்த்தைத் தொடும் முழுப் பழுது ஏற்பட்டாலும் ஓடுவது 25 ஆம்பியர்தான். கீசரின் 20 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே அசையாது. சொந்த எர்த் குழியை நம்பியிருக்கும் வீடுகளில் ஆர்.சி.சி.பி. தவிர்க்க முடியாதது ஆவது இதனால்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஃபேனை எந்த லைனில் சேர்ப்பது என்பதில் மூன்று வழிகள் இருந்தன.

கீசர் லைனிலேயே ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் எடுத்தால் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் 20 ஆம்பியர் எம்.சி.பி.க்குப் பின்னால் ஃபேனின் மெல்லிய ஒயர் வரும். பழுதால் அந்த ஒயர் தாங்காத அளவு கரண்ட் ஓடினால் ஒயர் சூடாகும், எம்.சி.பி. கண்டுகொள்ளாமல் விடலாம். லைட் லைனில் சேர்த்தால் நியூட்ரல் சரியாகிவிடும், ஆர்.சி.சி.பி. கிடைக்காது. இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும்போது சில மோட்டார்கள் இரைச்சலிட்டுச் சூடாவதும் உண்டு. மின்வெட்டில் குளியலறை ஆவி வெளியேறியே தீர வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

ஆகவே ஆர்.சி.சி.பி.க்குப் பின்னாலிருந்து 6 ஆம்பியர் எம்.சி.பி. போட்டுத் தனி லைன் எடுப்பது என்று முடிவானது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றும் ஒரே பைப்பில், ஒரே பெட்டியிலிருந்து. சுவரை உடைக்கப் பெரியவர் சம்மதிக்கவில்லை. வெளிப்பூச்சுக்கு மேலேயே பி.வி.சி. பைப் ஓட்டினோம். பார்வைக்குச் சுமார்தான்.

குளியலறை லைட்டையும் இந்த லைனுக்கு மாற்றலாமா என்று பேசினோம். மாற்றினால் பாதுகாப்பு கூடும். ஆனால் மின்வெட்டிலோ டிரிப் ஆனாலோ எழுபது வயதைத் தாண்டியவர் சோப்புத் தரையில் இருட்டில் நிற்பார். வழுக்கி விழுவது இந்த வயதில் ஷாக்கைவிட அடிக்கடி நடப்பது. லைட்டை இன்வெர்ட்டரிலேயே விட்டு, பழைய ஹோல்டருக்குப் பதிலாக மூடிய பிளாஸ்டிக் உடல் கொண்ட எல்.இ.டி. விளக்கு வைத்தோம். இதில் வேறு கருத்துள்ளவர்கள் இருக்கலாம். அவர்கள் இன்வெர்ட்டர் லைனுக்கென்று இன்னொரு ஆர்.சி.சி.பி. வைப்பார்கள். அதுவும் நல்ல வழிதான், செலவு கூடும்.

ஃபேன் பழுதில்லை என்று மெகர் சொன்னதால் அதையே வைத்துக்கொண்டோம். இரும்புக் கம்பியில் முடுக்காமல், கம்பிக்கு உட்புறம் மரச்சட்டம் அடித்து அதில் பொருத்தினோம். சட்டத்திலிருந்த எர்த் திருகில் பச்சை ஒயரை வளையமுனை போட்டு இறுக்கினோம். வெளிப்பக்கம் சாரல் படாமல் இருக்க, காற்றுக்குத் திறந்து தானே மூடும் பிளாஸ்டிக் தகடு. ஃபேனிலிருந்து ஒரே நீளத்தில் மூன்று கோர் கேபிளாகச் சுவரைத் தாண்டிக் கொண்டுவந்து, நடைபாதையில் லாஃப்டுக்குக் கீழே ஒரு மூடிய பெட்டிக்குள் கனெக்டரில் சேர்த்தோம். குளியலறைக்குள் ஜாயின்ட்டே கிடையாது. சுவிட்சும் வெளியேதான்.

குளியலறையை நீர் படும் பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பது சர்வதேசத் தரங்களின் வழக்கம். தொட்டி இல்லாத ஷவருக்கு, நீர் வரும் இடத்திலிருந்து 1.2 மீட்டர் தூரமும் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரமும் கடுமையான பகுதி. இந்த ஃபேன் ஷவருக்கு எதிர்ச்சுவரில், 1.2 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் வாளியிலிருந்து மொண்டு தலையில் ஊற்றிக் குளிக்கிறோம். அறை முழுவதும் நனைகிறது. முழு அறையையும் ஈரப்பகுதியாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கதவின் அடியில் முக்கால் அங்குலம் இழைத்துவிட்டோம். காற்று உள்ளே வர வழி இல்லாமல் எவ்வளவு பெரிய ஃபேனும் ஆவியை வெளியேற்றாது. இந்தக் குளியலறைக்கு ஆறு அங்குல ஃபேனே போதும் என்பது வேறு விஷயம்.

பின்னர் நடந்தவை

வேலை முடிந்து அளந்தபோது புதிய லைனின் இன்சுலேஷன் 100 மெகா ஓமுக்கு மேல். ஃபேன் சட்டத்திலிருந்து பெட்டியின் எர்த் பார் வரை அரை ஓமுக்குக் குறைவு. பழைய ஆர்.சி.சி.பி.யை முறைப்படி இணைத்துச் சோதனைக் கருவியால் பார்த்தபோது 22 மில்லி ஆம்பியரில் துண்டித்தது. “வீக்” என்று ஒதுக்கப்பட்ட அதே கருவி.

மறுநாள் காலை பெரியவரிடமிருந்து தொலைபேசி. மறுபடியும் டிரிப். குரலில் சலிப்பு தெரிந்தது. பழைய எலக்ட்ரீஷியன் சொன்னதுதான் சரியோ என்ற சந்தேகமும். எந்த சுவிட்சைப் போட்டபோது என்று கேட்டேன். கீசர். அதை மட்டும் நிறுத்திவிட்டுத் தூக்கச் சொன்னதும் லிவர் நின்றது, ஃபேன் ஓடியது. கீசரின் ஹீட்டிங் எலிமென்ட் உறையில் விரிசல் விட்டு, சட்டத்துக்குக் கசிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று சொல்ல வழியில்லை. ஆடியிலிருந்து அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கருவிதான் ஓரமாக உட்கார்ந்திருந்ததே. கீசருக்கு எர்த் இருந்ததால் தண்ணீர்க் குழாயில் யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. எலிமென்ட்டை மாற்றிய பிறகு அந்த மழைக்காலம் முழுவதும் டிரிப் இல்லை.

அடுத்த வைகாசியில் எர்த் குழியை மீண்டும் அளந்தபோது 9 ஓம், 16 ஆக ஏறியிருந்தது. பைப்பின் மேல்முனையில் துரு. இரண்டாவது குழி ஒன்று தோண்டி இணைத்த பிறகு இரண்டும் சேர்ந்து 5 ஓமுக்குக் கீழே வந்தது.

மாற வேண்டியவை

ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று பலரும் உடனே சொல்வார்கள். பாதிதான் உண்மை. கசிந்தது 11 மில்லி ஆம்பியர்; 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்குக் கீழே துண்டிக்கக் கூடாது என்பதே அதன் வடிவமைப்பு. கருவி முறையாக இணைக்கப்பட்டிருந்தாலும், எர்த் இல்லாத அந்த ஃபேனால் அம்மாளுக்கு ஷாக் அடித்திருக்கும். வெட்டி எறிந்த பச்சை ஒயர் இருந்திருந்தால் அந்த 11 மில்லி ஆம்பியரும் சத்தமில்லாமல் குழிக்குப் போயிருக்கும்; ஈரம் மேலும் ஏறிக் கசிவு வளர்ந்ததும் ஆர்.சி.சி.பி. துண்டித்திருக்கும். எர்த் முதல் வேலையைச் செய்ய வேண்டும், ஆர்.சி.சி.பி. அடுத்ததை. ஒன்றின் இடத்தை மற்றது நிரப்பாது.

சோதனைப் பொத்தானை அழுத்துகிறவர்கள் லிவர் விழுகிறதா என்று பார்ப்பதோடு, அந்த லைனில் ஏதாவது ஒன்று அணைகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரியவர் இப்போது ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து உள்விளக்கு அணைகிறதா என்று பார்க்கிறார். எம்.சி.பி. பெட்டிக் கதவின் உட்புறம், எந்த லைட், எந்த பிளக் எந்த நியூட்ரலில் இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். அடுத்து வரும் எலக்ட்ரீஷியனுக்கு அது இருந்தால், அருகிலிருக்கும் நியூட்ரலை இழுக்கும் ஆசை வராது.

புதிய கொடி, இரண்டு கல்தூண்களுக்கு இடையே நைலான் கயிற்றில். கம்பிக் கொடியை வீட்டின் எந்த இரும்போடும், தகரக் கூரையோடும், மின்கம்பத்தின் இழுவைக் கம்பியோடும் கட்டக் கூடாது என்பதைத் தமிழ்நாட்டில் ஒவ்வொரு மழைக்காலமும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் ஃபேன் மாட்டிய எலக்ட்ரீஷியனையும் வரவழைத்தோம். குறை சொல்வதற்காக அல்ல. கலந்த நியூட்ரலை அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. மெகர் முள்ளையும் பச்சைக் களிம்பேறிய ஒயரையும் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, இதே போல ஆர்.சி.சி.பி.யை நேராக்கிய வீடுகள் இன்னும் இரண்டு உண்டு என்றார். ஒன்றில் மறுவாரமே போய்ச் சரிசெய்துவிட்டார். மற்ற வீட்டில், “இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது தம்பி, மறுபடி தொந்தரவு வேண்டாம்” என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்களாம்.